கைராசி

இது ஏன் இன்றைக்கு இவ்வளவு சுலபமாகச் சுற்றுகிறது?

குழாயை மூடக்கூடத் தோன்றாமல் அவள் தன் இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தகரக் கூரையின் விளிம்பிலிருந்து மழை கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது. மதியம்தான் என்றாலும் ஷெட்டுக்குள் டியூப்லைட்டுகள் எரிந்தன. மோதிர விரலைச் சுற்றியிருந்த பிளாஸ்திரி நனைந்து உரிந்து தொட்டிக்குள் விழுந்து கிடந்தது. சோப்புக்கும் எண்ணெய்க்கும் நூல் சுற்றி இழுத்ததற்கும் மாதக்கணக்கில் அசைந்து கொடுக்காத அந்த மோதிரம், அவள் தொடாமலே மெல்ல நகர்ந்தது. ஜன்னல் கம்பியில் சிக்கி எப்போதோ அதில் விழுந்த சின்ன வடு, உள்ளங்கைப் பக்கத்திலிருந்து ஏறி மேலே வந்து நின்றது.

தண்ணீர் தள்ளியிருக்கும். தண்ணீர்தான்.

யாரும் வருவதற்குள் பையிலிருந்து இன்னொரு பிளாஸ்திரியை எடுத்துச் சுற்றினாள். முன்பெல்லாம் பிளாஸ்திரிக்குக் கீழே மோதிரம் ஒரு மேடாகத் தெரியும். இன்றைக்குத் தடவிப் பார்த்தும் மேடு தட்டுப்படவில்லை.

ஷெட்டின் வாசலில் ஒரு தகர டப்பா தொங்கியது. உள்ளே வருகிறவர் மேனேஜரே ஆனாலும் உடம்பிலிருக்கும் பொன்னைக் கழற்றி அதில் போட்டுவிட்டுத்தான் கல்லைத் தொடவேண்டும். தங்கம் தேடுகிற இடத்தின் முதல் விதி அதுதான். பூமியைத் துளைத்து எடுத்துவரும் உருளைக்கல்லைக் கோர் என்பார்கள். அதை நீளவாக்கில் ரம்பத்தால் இரண்டாக அறுத்து, ஒரு பாதியை ட்ரேயிலேயே வைத்துவிட்டு, மறு பாதியைப் பையில் கட்டி லேபுக்கு அனுப்பவேண்டும். ஒரு டன் பாறையில் சில கிராம் தங்கம் இருந்தாலே சுரங்கம் தோண்டக் கிளம்பிவிடுவார்கள். ஒரு பைக் கல்லில் அது கண்ணுக்குத் தெரியாத தூசிதான். கரடுமுரடான வெள்ளைக்கல்லில் ஒரு மோதிரம் நாலு தடவை உரசினால் போதும், உரைகல்லில் கோடு விழுவதைப் போல, இல்லாத தங்கம் இருப்பதாகிவிடும்.

அந்த விதியை எழுதி வாசலில் ஒட்டியவள் அவள்தான். பாறைகளைப் படித்து வந்தவள். அந்த ஷெட்டுக்குப் பொறுப்பு. சேர்ந்த புதிதில், ரம்பம் ஓட்டும் அக்காவின் மூக்குத்தி கழலவில்லை என்றபோது, எல்லார் முன்னாலும் சொன்னாள்: "கழட்ட முடியலைன்னா வேற வேலை பாத்துக்கங்க அக்கா." அக்கா மறுநாளே நகைக்கடையில் அதை அறுத்தெடுத்துவிட்டு வந்தாள். "ஒண்ணும் வலிக்கலை மேடம். மூக்கு லேசாயிருச்சு, காத்தடிச்சா பறந்துரும்போல" என்று தானே சிரித்தாள். துளை மூடிக் கொஞ்ச நாளில் ஒரு கறுத்த புள்ளியாகிவிட்டது. அந்தப் புள்ளியைப் பார்த்துப் பேச அவளால் இன்றுவரை முடிந்ததில்லை.

அதற்குப் பிறகு தன் மோதிரமும் கழலவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வாள்? கல்யாணத்துக்குப் பிறகு உடம்பு பூசினாற்போல் ஆனது, விரலும் பருத்தது. "உன் விரலுக்கே தொப்பை விழுந்துருச்சு" என்று அவள் கணவன் கேலி செய்வான். பருத்த விரலைப் பற்றிய ஒரு சின்ன வெட்கம், அவ்வளவுதான். நாளைக்குக் கடைக்குப் போய் அறுத்துவிடலாம், அடுத்த வாரம் அறுத்துவிடலாம் என்று பிளாஸ்திரி சுற்றி, அதன்மேல் கையுறை போட்டு நாட்களைத் தள்ளினாள். முதல் துளையின் கோர் வந்த அன்று தேய்க்கிற பிரஷ் எங்கேயோ போய்விட்டது. கையாலேயே சேற்றைத் தேய்த்துத் தேய்த்து வெள்ளைக்கல்லைக் கழுவினாள். கழுவி முடித்தபோதுதான் கையுறை கிழிந்திருப்பதும், பிளாஸ்திரி ஓட்டையாகி மோதிரத்தின் ஒரு பக்கம் புதிதாகப் பளபளப்பதும் தெரிந்தது.

லேப் முடிவில், அவள் தேய்த்த அந்த ஒரு துண்டில் மட்டும் தங்கம் இருந்தது. அதற்கு மேலேயும் கீழேயும் வெறும் கல்.

மேனேஜர் ஷெட்டுக்கே பிஸ்கட் வாங்கி வந்தார். "கைராசிம்மா உனக்கு! தொட்ட கல்லு பொன்னாயிருச்சே!" அன்றிலிருந்து அவளுக்குப் பெயரே கைராசி. அவளும் சிரித்துக்கொண்டு ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் காது மடல் சுடும்.

அவளுடைய மோதிரத்தை நம்பி இரண்டாவது துளை போட்டார்கள். அந்தத் துண்டு கிடைத்த இடத்துக்கு நேர் கீழே, இன்னும் ஆழமாக. அதன் கோர்தான் இன்றைக்கு வந்துகொண்டிருந்தது.

"மேடம்! வண்டி வந்திருச்சு!"

துளை மேஸ்திரி மழையில் நனைந்தபடி முதல் ட்ரேயை மேஜைமேல் இறக்கினார். "இந்தாங்க கைராசி மேடம், உங்க பாறை. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு கல்லை நான் பாத்ததில்லை. சத்தமே போடலை. நாம இறக்கறோமா, உள்ள இருந்து யாராச்சும் பிடிச்சு இழுக்கறாங்களான்னு தெரியலை."

"யாரு இழுப்பா? உங்க மாமியாரா?" என்றாள் அக்கா.

"அவங்க இழுத்தா மெஷினே உள்ள போயிருக்கும்."

இருவரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள்.

பச்சையும் கறுப்புமான பாறை. இருநூற்று எழுபது கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் கொதித்து உறைந்தது. பிறகு நசுங்கி, மடிந்து, வெடித்த இடங்களில் சூடான நீர் ஏறி வெள்ளைக்கல்லாக உறைந்து நரம்போடிய பாறை. எலும்பு என்ற ஒன்று இந்தப் பூமியில் உண்டாக இன்னும் எவ்வளவோ காலம் இருந்தது. அந்த நினைப்பு அவளுக்கு எப்போதும் ஓர் ஆறுதல். இந்தக் கல்லுக்கு யாரையும் தெரியாது. யார் என்ன செய்தார்கள் என்று அது பார்த்ததில்லை.

அக்கா ரம்பத்தை ஓட்டினாள். தண்ணீர் சீறியது, கல் கிறீச்சிட்டது, தாதுக்கல்லை அறுக்கும்போது வழக்கமாக வரும் பூண்டு வாசம் கிளம்பியது. அதற்கு அடியில் இன்னொரு வாசம். மெல்லியது, ஈரமானது, மிகவும் தெரிந்தது. எங்கே முகர்ந்தோம் என்று யோசித்துக்கொண்டே அடுத்த துண்டைக் கையில் எடுத்தாள்.

பல நாள் சுற்றியிருந்த பிளாஸ்திரியைப் பிரித்ததும் விரலிலிருந்து வருமே, வெளுத்துச் சுருங்கிய தோலின் வாசம். அது.

துண்டைத் திருப்பினாள். உடைந்த முகத்தின் நடுவில் வெள்ளைக்கல். அந்த வெள்ளையைச் சுற்றி, காம்பஸ் வைத்துப் போட்டதுபோல், ஒரு மெல்லிய மஞ்சள் வட்டம்.

பொய்த்தங்கம் என்றால் கல்லைத் திருப்பும்போது ஒரு பக்கம் மின்னி மறுபக்கம் இருண்டுவிடும். அவள் திருப்பினாள். மறுபடி திருப்பினாள். எந்தப் பக்கமும் ஒரே மஞ்சள். வட்டத்தின் ஓர் இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு பள்ளம் இருந்தது, ஏதோ கம்பியில் சிக்கியதுபோல.

இந்தக் கல்லை அவள் இப்போதுதான் முதன்முதலாகத் தொடுகிறாள்.

"என்ன மேடம், தங்கமா?" அக்கா ரம்பத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"இல்ல. துரு."

உடைந்த முகம் தெரியாதபடி துண்டை அடுத்த துண்டோடு ஒட்டி வைத்தாள். எவ்வளவு இயல்பாக வருகிறது பொய்.

வீட்டில், விளக்கு வைக்கும் நேரத்தில், தேநீர் டம்ளரை நீட்டிய கணவன் அவள் விரல் பட்டதும் கையைப் பின்னுக்கு இழுத்தான்.

"ஏய், என்ன கை இப்படி ஜில்லுனு இருக்கு?"

"மழைல நனைஞ்சது."

"காட்டு." பிளாஸ்திரியைப் பிரித்து, மோதிரத்தை ஒரு விரலால் தள்ளினான். அது தாராளமாகச் சுற்றியது. "அட! தொப்பை கரைஞ்சிருச்சே! நாளைக்கே கழட்டிடலாம்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தான். "இவ்வளவு மெல்லிசாவா இருந்தது? நூல் மாதிரி இருக்கு. இது என்ன, இங்க அழுக்கு?"

மோதிரத்துக்குக் கீழே விரல் சாம்பல் நிறத்தில் இருந்தது. கட்டைவிரலால் தேய்த்தான். நறநறவென்றது.

"கல் தூசி" என்று கையை உருவிக்கொண்டாள்.

குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு மோதிரத்தைக் கழற்றப் பார்த்தாள். விரல்மூட்டு வரை வழுக்கிக்கொண்டு வந்தது. அங்கே நின்றது. இறுக்கமே இல்லை, மோதிரத்துக்கும் தோலுக்கும் நடுவில் வெளிச்சம்கூடத் தெரிந்தது. ஆனாலும் நின்றது. அதை இன்னொரு விரலும் போட்டிருப்பதுபோல, அந்த விரல் வலிக்காமல் மெல்ல மடங்கிக்கொண்டதுபோல.

சொல்லிவிடவேண்டும் என்று அந்த நிமிடம்தான் முடிவு செய்தாள். துளையை நிறுத்தினால் இதுவும் நின்றுவிடும். சொன்னால் வேலை போகும். போகட்டும், வேறு கிடைக்கும். அக்கா கேட்டுக்கொண்டு நிற்பாளே, அதுதான். மூக்கின்மேல் அந்தப் புள்ளியோடு.

மறுநாள் மேனேஜரின் அறை வாசலில் நின்று, "சார், முதல் துளையோட ரிசல்ட் பத்தி ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள்.

"அதேதான்மா! அதைப் பாத்துட்டு நாளைக்குப் பணம் போடற ஆளுங்க வர்றாங்க. அவங்க கண்ணால பாத்துட்டா மூணாவது துளையும் ஓகே. நீதான் காட்டணும். உன் கண்டுபிடிப்பு." முகமெல்லாம் மலர்ந்து, நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டார். "சொல்லு, என்ன?"

வாசலுக்கு வெளியே அக்கா ட்ரேக்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல சார். ட்ரே பத்தலை."

"ட்ரேதானே! வாங்கிடலாம் விடு."

திரும்பி நடக்கும்போது தன் கால் சத்தம்கூட அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அன்று முழுவதும் கோர் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு துண்டையும் கழுவி, வந்த வரிசையிலேயே ட்ரேயில் அடுக்கவேண்டும். புத்தகத்தில் வரிகளைப் போல: முதல் பள்ளம் நிறைந்ததும் அதன் பக்கத்தில் இரண்டாவது, பிறகு மூன்றாவது. ஒரு ட்ரேக்கு ஐந்து பள்ளங்கள். அவள் துண்டுகளைப் பார்க்காமலே அடுக்கினாள். இடது கையைப் பயன்படுத்தவில்லை. அந்த விரலில் இப்போது தண்ணீர் பட்டாலும் தெரியவில்லை. மேஜையில் தற்செயலாக இடித்தபோது 'டக்' என்றது.

மழை ஓய்ந்ததும் ஒரு சத்தம் கேட்டது. ரம்பம் நின்றிருந்தது. குழாய் மூடியிருந்தது. கல்மேல் பொன் உரசும் சத்தம். மிக மெதுவாக. நிறுத்தி, மறுபடி. நிறைந்து கிடந்த ட்ரேயிலிருந்து வந்தது. அவள் பிளாஸ்திரிக்கு அடியிலிருந்தும் வந்தது.

இரண்டும் ஒன்றாக நின்றன.

"என்னம்மா கைராசி, ரெடியா?" மேனேஜர் கையில் போனோடு உள்ளே வந்தார். பழக்கத்தில் கைச்சங்கிலியைக் கழற்றி டப்பாவில் போட்டார். "வர்றவங்களுக்கு இன்னைக்கே ஒரு போட்டோ அனுப்பிட்டா ஆசை வந்துரும். அக்கா, தண்ணி அடிங்க."

காய்ந்த கல் எதையும் காட்டாது. நனைந்தால்தான் நிறம் எழும்பும். அக்கா தெளிப்பானை எடுத்து அந்த நிறைந்த ட்ரேயின்மேல் தண்ணீரைப் பூவாகத் தூவினாள். சாம்பல் பச்சையானது. பச்சைக்குள்ளிருந்து வெள்ளை எழும்பியது.

"ஆத்தி" என்றாள் அக்கா. "கை மாதிரி இருக்குல்ல?"

ஐந்து பள்ளங்கள். வெவ்வேறு ஆழத்திலிருந்து வெவ்வேறு நேரத்தில் வந்த துண்டுகள், அவள் கையாலேயே பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியவை. முதல் பள்ளத்தில் வெள்ளை நரம்பு குட்டையாக, தள்ளி. அடுத்ததில் நீளமாக. மூன்றாவதில் இன்னும் நீளமாக. நான்காவது. ஐந்தாவதில் சிறியதாக. கீழே எல்லாம் சேர்ந்து அகன்றிருந்தது. விரித்த உள்ளங்கை, மேல்நோக்கி, யாரிடமோ எதையோ கேட்பதுபோல. நான்காவது விரலில் மட்டும், குறுக்கே ஒரு மஞ்சள் கோடு.

"அடேங்கப்பா!" மேனேஜர் குனிந்தார். "இது தங்கமேதான்! கண்ணாலயே தெரியுதே! அம்மா, உன் விரலை அது பக்கத்துல வை. அளவு தெரியணும்ல."

அவள் அசையவில்லை.

"ராசிக்கை போட்டோல வரட்டும்மா. கையுறை வேண்டாம், வெறும் கையா வை."

"வேற ஏதாச்சும் வைங்க சார். பேனா வைங்க."

"நான் வைக்கட்டுமா சார்?" அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ட்ரேயை நோக்கி நீட்டினாள்.

வெள்ளை விரல்கள் கொஞ்சம் அகன்றன.

கொஞ்சம்தான். தண்ணீர் வழிந்தால் கண்ணுக்கு அப்படித் தோன்றும். ஆனால் அவள் கை பாய்ந்துவிட்டது. அக்காவின் மணிக்கட்டை எட்டிப் பிடித்து இழுத்தாள். இடது கையால். கையுறை கழன்று விழுந்தது. பிளாஸ்திரி அதோடு போனது.

கூரையிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும்.

அக்கா மோதிரத்தைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். மெல்லத் தன் மணிக்கட்டை விடுவித்துக்கொண்டு, மூக்கிலிருந்த கறுத்த புள்ளியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மேனேஜரும் பார்த்தார். மோதிரத்தை. ட்ரேயை. வாசல் டப்பாவை. அவர் முகத்தில் ஒவ்வொன்றாகக் கணக்கு ஓடுவது தெரிந்தது.

"முதல் துளைலயும்..." என்றார்.

"ஆமா சார். அது என் மோதிரம்."

சொல்லிவிட்டாள். இவ்வளவுதானா. ஆனால் பாரம் இறங்கவில்லை.

மேனேஜர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "சரி. அது நமக்குள்ள இருக்கட்டும். இது நிஜத் தங்கம்மா, மண்ணுக்கடியில இருந்து வந்தது. இனிமே அதைப் பத்தி யாரு கேக்கப்போறா?" போனை உயர்த்தினார். "கையை வைம்மா. மோதிரம் தெரியாம எடுத்துடறேன்."

ட்ரேயில் கல் காய ஆரம்பித்திருந்தது. எப்போதும்போல் விளிம்பிலிருந்து உள்நோக்கி, பச்சை மங்கிச் சாம்பலாகிக்கொண்டே வந்தது. விரல்கள் வரை வந்தது. அங்கே நின்றது. வெள்ளை மட்டும் காயவில்லை. ஈரமாகவே கிடந்தது. வியர்த்ததுபோல.

மஞ்சள் கோடு நகர்ந்தது.

வழுக்கிக்கொண்டு. மெதுவாக. அடியிலிருந்து சின்ன வடு ஒன்று ஏறி வந்தது. அவள் விரலிலும், சாம்பல் நிறமாகிவிட்ட அந்த விரலிலும், நூலாக இளைத்துவிட்ட மோதிரம் அதே வேகத்தில் சுற்றியது.

"வைம்மா. ஒரு நிமிஷம்தானே."

அவள் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது கல்லாக இருந்தது.

"மாட்டேன் சார்" என்றாள், அக்காவுக்கு மட்டும் கேட்பதுபோல் மெதுவாக.

ட்ரேயில் வடு மேலே வந்து நின்றது. விரித்த கை விரித்தபடியே இருந்தது.